நாற்றப்பூச்சிக்கு இறக்கை முளைக்கும் வரை

எனக்கு வாய் நீளம். மாத்தளைப் பக்கம் பல்லேபொலையில் எங்கள் பாதையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காமலே சொல்கிறவர்களும் உண்டு. என் வீட்டுக்காரருக்கு வாயே கிடையாது. நான் மூச்சு விடாமல் பேசினால் அவர் ஒரு "ம்" போடுவார். அந்த "ம்"மை நம்பித்தான் எங்கள் குடித்தனம் ஓடியது. பிள்ளைகுட்டி இல்லை. ஒரு சின்ன வீடு, கினிசீரியா மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, பின்னால் போஞ்சி அவரையும் கறிமிளகாயும் போட ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான்.

அவர் மருந்தடிக்கிறவர். முதுகில் டேங்கியைக் கட்டிக்கொண்டு கலேவலை, தம்புள்ளைப் பக்கமெல்லாம் போய் மற்றவர்களுடைய தோட்டங்களுக்குப் பூச்சி மருந்து அடித்துக் கொடுப்பார். கையுறை, முகமூடி எதுவும் கிடையாது. மருந்தைத் தடியால் கலக்குவார், தடி கிடைக்காத இடத்தில் கையாலேயே கலக்குவார். வீட்டுக்கு வரும்போது சட்டை நனைந்திருக்கும். நான் அந்தச் சட்டையைத் தனியாகத் துவைத்துவிட்டு, குளிக்காமல் உள்ளே வராதீர்கள் என்று கத்துவேன். "ம்" என்பார்.

பிறகு அவருடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டாக்டர், என்ன தொழில் என்று கேட்டார். சொன்னோம். அதனால்தான் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அப்படி இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. என்னுடையதில் ஒன்றை எடுத்து வையுங்கள் என்றேன். அவருடைய இதயம் அந்த ஒப்பரேஷனைத் தாங்காதாம். ஆகவே வாரத்தில் இரண்டு தடவை த்ரீவீல் பிடித்து, அலுவிகாரையைத் தாண்டி, மாத்தளை டவுன் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கழுவப் போக வேண்டும். உயிரோடு இருக்கிற வரைக்கும் போக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அவர் தொழிலை விட்ட பிறகு டேங்கியை நான் எடுத்துக்கொண்டேன், எங்கள் துண்டு நிலத்துக்கு மட்டும். போன வருடம் போஞ்சிக் கொடியில் புழு ஏறி இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. அதோடு நாற்றப்பூச்சியும் வந்தது. கேடயம் மாதிரி முதுகு, தொட்டால் குமட்டுகிற நாற்றம், எல்லாருக்கும் தெரிந்த சனியன்தான். போஞ்சிப் பிஞ்சில் சாறு குடித்து அதைச் சூம்ப வைக்கிற சாதி. காலையில் டின்னில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு போய், கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிப் போடுவேன். அதுவும் போதாமல், ஒரு நாள் மருந்தடித்தே தீருவது என்று போத்தலை எடுத்து வைத்தேன். பார்த்தால் அன்றைக்கு ஆயுத பூசை.

எங்கள் ஆட்களுக்கு அது பெரிய நாள். கத்தி, மண்வெட்டி, தையல் மெசின், த்ரீவீல் என்று யார் எதை வைத்துப் பிழைக்கிறார்களோ அதைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் மருந்து டேங்கிக்குத்தான் பொட்டு. சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை எல்லாம் போட்டுக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கும். எங்களுக்குச் சோறு போட்டது அதுதானே. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் தீபம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். சரி, பூச்சியையாவது பொறுக்குவோம் என்று டின்னைத் தூக்கினேன்.

"அதையும் வை புள்ள. அதுவும் ஆயுதந்தான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா, நம்ம சும்மா இருப்போம், புழுவுக்குப் பூசை கீசை ஒண்ணும் இல்ல, அது நல்லாத் தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போஞ்சிப் பந்தலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வேலை ஒன்றும் செய்ய முடியாத மனுஷன். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

ஒரு நாற்றப்பூச்சி கொடியில் நின்றது. தன் உடம்பைவிட நீளமான ஒரு பச்சைப் புழுவை, வாயிலிருந்து நீட்டிய ஊசியின் நுனியில் குத்தித் தொங்கவிட்டிருந்தது. புழு ஈரத்துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது சுருங்கி வெறும் தோலாகிவிட்டது.

"இது எலையத் தொடல புள்ள. காலைல இருந்து பாக்குறேன். புழுவத்தான் தேடித் தேடிக் குடிக்குது."

"எல்லாம் நாத்தப்பூச்சிதாங்க. இன்னிக்கு இதுக்கு நாக்கு புழுவக் கேட்டிருக்கும்" என்றேன். ஆனாலும் மறுநாள் தீபம் காட்டிய பிறகு டேங்கியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவரும் எடுக்க விடவில்லை.

பக்கத்துத் தோட்டம் ஒரு சிங்கள அக்காவுடையது. அவருடைய தக்காளியைப் பார்க்க விவசாயப் போதனாசிரியர் மிஸ் ஸ்கூட்டியில் வருவார். சின்ன வயசு, சிங்களம்தான், ஆனால் தமிழ் பேச ஆசைப்படுவார். அவரைக் கையோடு கூட்டிவந்தேன். மிஸ் அருவருப்பே இல்லாமல் பூச்சியைப் பிடித்து, மல்லாக்கத் திருப்பி, எங்களுக்குக் காட்டினார்.

"சாறு குடிக்கிற பூச்சிக்கு ஊசி மெல்லிசா இருக்கும் அக்கா. தலைக்குக் கீழ ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். இதுக்குப் பாருங்க, தடிப்பு. முன்னுக்கு நீட்டலாம். தோள்ல பாருங்க, ரெண்டு பக்கமும் முள்ளு, நுனி ரெண்டாப் பிளந்திருக்கு. இது வேட்டைக்காரன். ஹொந்த பூச்சி. நல்லது."

முட்டையையும் தேடிக் காட்டினார். ஒரு இலையின் அடியில், கறுத்த குட்டிப் பீப்பாய்களை அடுக்கின மாதிரி, ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் மயிரிழை போல முள் வளையம். நானும் எத்தனையோ தடவை இதைப் பார்த்து, ஏதோ பூஞ்சணம் என்று இலையோடு கிள்ளிப் போட்டிருக்கிறேன். குஞ்சுகள் சிவப்பும் கறுப்புமாக இருக்கும் என்றார் மிஸ். பொரித்த உடனே வேட்டையாடாதாம், இலையின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கூட்டமாக ஒட்டியிருக்குமாம். முதல் தோலை உரித்த பிறகுதான் புழுவைத் தேடும். எல்லாம் சேர்ந்து ஒரு புழுவைச் சூழ்ந்து குடிக்கும். இரை கிடைக்காவிட்டால் கூடப் பிறந்ததையே குத்திவிடும். ஐந்து தடவை தோல் உரிக்கும். கடைசித் தோலை உரித்தால்தான் இறக்கை.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மிஸ், மருந்தடிச்சா இதுவும் செத்துருமா?"

"செத்துரும் ஐயா. புழு சீக்கிரம் திரும்பி வரும். இது வராது, ரொம்ப நாள் எடுக்கும்."

அன்று பின்னேரம் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடாமல் இருந்தார். "எத்தன தோட்டத்துல அடிச்சிருப்பேன்" என்றார். தெரியாமல் செய்ததற்கு என்ன செய்வது என்றேன். மேலுக்குத்தான் அப்படிச் சொன்னேன். உள்ளே எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மருந்து விற்றவன் விற்றான், கூலி கொடுத்தவன் கொடுத்தான், இந்த மனுஷனைக் கூப்பிட்டு இது எதைக் கொல்லும், உன்னை என்ன செய்யும் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. இப்போது பூச்சிக்காக அவர் அழுகிறார். அவருக்காக அழ நான் ஒருத்தி.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் அவர் எழும்பவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை.

"போதும் புள்ள. ஏலாது."

அவர் கையைப் பார்த்தால் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து, அதைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. ரத்தம் கழுவிவிட்டு வந்தால் அன்று முழுக்க வாந்தி. தாகத்துக்குத் தண்ணீர்கூட அளந்துதான். ஆனால் நான் நியாயம் பார்க்கிற நிலைமையில் இல்லை. கத்தினேன். அழுதேன். என்னைத் தனியாக விட்டுப் போக இவ்வளவு அவசரமா என்று கேட்கக் கூடாததைக் கேட்டேன். த்ரீவீல்காரத் தம்பி வெளியே ஹோன் அடித்துக்கொண்டே இருந்தான்.

கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தல் பக்கம் பார்த்தார். "சரி. அந்த முட்ட பொரிச்சு, அதுக்கு றெக்க மொளைக்கிற வரைக்கும் வாரேன். பாக்கணும்போல இருக்கு. அதுக்கு மேல நீ வற்புறுத்தக் கூடாது. சத்தியம் பண்ணு."

கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அப்போதைக்கு அவர் சட்டையைப் போட்டுக்கொண்டால் போதும் எனக்கு.

ஒரு பூச்சட்டியில் போஞ்சிச் செடி ஒன்றைப் பிடுங்கி நட்டு, முட்டை ஒட்டிய இலையை அதில் கட்டி, பழைய கொசுவலையை வெட்டி உறை மாதிரி தைத்து மூடி, அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். முட்டை பொரித்தது. மிளகாய் விதை அளவுக்குச் சிவப்புக் குஞ்சுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நான் தினமும் பந்தலில் புழு பொறுக்கி உள்ளே போட்டேன். புழுவைக் கொல்லத் திரிந்தவள் புழு தேடித் திரிந்தேன். அவருக்கு அதைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. "இன்னிக்குத் தோல் உரிச்சிருச்சு புள்ள" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த களைப்பிலும் சொல்வார். எங்கள் குடித்தனத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை. ஏறக்குறைய நோயை மறந்துவிட்டோம் என்றே சொல்லலாம்.

ஆனால் பூச்சி வளர்ந்தது. உடம்பு பருத்தது, முதுகில் கறுப்பாகச் சின்னப் பட்டைகள் எழும்பின. இறக்கை உள்ளே மடிந்து கிடக்கிற இடம் அது, மிஸ் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு தோல்தான் பாக்கி. அதை நான் பார்த்தது ஒரு விடியக்காலை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஓர் ஊறுகாய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு சிங்கள அக்காவின் தக்காளித் தோட்டத்துக்குப் போனேன். இலை இலையாகப் புரட்டி, பட்டை எழும்பாத சின்னக் குஞ்சுகளாகப் பார்த்துப் பிடித்தேன். வலைக்குள் இருந்த பெரியவற்றைக் கொண்டுபோய்ப் பந்தலில் விட்டுவிட்டு, சின்னவற்றைப் போட்டேன்.

நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அவர் வேண்டும். அவ்வளவுதான். பூச்சிக்கு இறக்கை முளைக்காமல் இருந்தால் அவர் இருப்பார் என்றால், நான் எந்தப் பூச்சிக்கும் இறக்கை முளைக்க விடமாட்டேன்.

தீபாவளி வந்து போனது. மழை பிடித்துக்கொண்டது. பட்டை எழும்புவதும் நான் போத்தலோடு ஓடுவதுமாகக் காலம் போனது. வேட்டைக்காரப் பூச்சியைப் பற்றி அந்த மிஸ்ஸுக்கு அடுத்தபடி இந்த மாவட்டத்திலேயே எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைக்கிறேன். எந்தச் சிவப்பு எந்தத் தோலுக்கு, எது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்த உடனே சொல்லுவேன். மழையில் நனைந்துகொண்டு தக்காளிச் செடிக்குள் குனிந்து நிற்கிற என்னைப் பார்த்து, சிங்கள அக்கா எனக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று பயந்தார். என் வீட்டுக்காரரோ ஒவ்வொரு ஆஸ்பத்திரி நாளிலும் தானாகவே எழும்பிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். "இன்னும் மொளைக்கலையே" என்பார். "அதுக்கு என்ன அவசரம்" என்பேன்.

ஒரு நாள் மழை விட்ட நேரத்தில் மிஸ் எங்களைப் பார்க்க வந்தார். கதவில் நின்றபடியே, "எங்க ஐயாட பூச்சி?" என்று கேட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வலைக்குள் எட்டிப் பார்த்தார். 

"ஐயோ, இது இன்னும் பொடிதானே?" என்று சிரித்தார். "அன்னிக்குக் காட்டின முட்டையா? அது எப்பவோ பறந்திருக்கணுமே ஐயா. அது பெரிசாகி முட்டை போட்டு, அந்த முட்டையும் பெரிசாகியிருக்கும்."

நான் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எங்க வீட்டுச் சாப்பாடு அதுக்குப் பத்தல போல மிஸ். மெதுவாத்தான் வளருது."

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. அப்படி இருக்க முடியாதே என்று யோசித்துக்கொண்டு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். ஸ்கூட்டிச் சத்தம் பாதையில் மறைகிற வரைக்கும் நான் நகரவில்லை. பிறகு போய் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பத் தெரியும்?"

"மொதத் தடவையே. அதுல ஒண்ணுக்கு ஒரு கால் ஒடைஞ்சிருந்துச்சு. மறுநா பாத்தா எல்லாத்துக்கும் காலு சரியா இருக்கு."

"அப்ப ஏன் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ விடியக் காலைல மழைல நனைஞ்சுக்கிட்டு, போத்தல முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு வருவ. ஜன்னல்ல தெரியும். பாக்கப் பாவமா இருக்கும். சரி, இன்னொரு தடவ போயிட்டு வருவோம்னு நெனப்பேன்."

இத்தனை காலமும் பூச்சிதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பூச்சி எப்போதோ முடிந்துவிட்டது. அந்த ஊசியையும் வாந்தியையும் தாகத்தையும் எனக்காகச் சுமந்திருக்கிறார். நான் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, "இந்தத் தடவ மாத்தாத புள்ள" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டை எழும்பின காலையில் மறுபடியும் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனேன். சின்னக் குஞ்சுகள் எவ்வளவும் இருந்தன. பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே அந்தக் கை கிடந்தது. தூக்கத்திலும் விரல்களை மடக்க முடியாமல் விரித்தே வைத்திருந்தார். நான் வலையின் முடிச்சை அவிழ்க்கப் போனவள், கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பின்னால் போய்ப் போத்தலைப் பந்தலில் கவிழ்த்துவிட்டு வந்தேன். அங்கேயே உட்கார்ந்து, வாய்க்குள் முந்தானையை வைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை நேரம், பூச்சி ஒன்று தண்டில் தலைகீழாகத் தொங்கியது. அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். முதுகுத் தோல் நடுவே வெடித்தது. உள்ளிருந்து வெளிறிய சிவப்பாக, ஈரமாக, தொட்டால் நசுங்கிவிடும் போல ஒன்று மெல்ல வெளியே வந்தது. கசங்கிக் கிடந்த இறக்கை நீண்டு படிந்தது. தோள் முள் விறைத்தது. மத்தியானத்துக்குள் உடம்பு மண்ணிறமாகிக் கெட்டியாகிவிட்டது. நாங்கள் ரெண்டு பேரும் சாப்பிடக்கூட எழும்பவில்லை. "அழகா இருக்குல்ல" என்றார். அழகாகத்தான் இருந்தது. அவர் வலையைத் தூக்கிவிட்டார். அது கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியில் நடந்துவிட்டு, பந்தல் பக்கம் பறந்துபோனது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி நாள் வந்தது. நான் வழக்கம்போல விடியலிலேயே எழும்பி, அவருக்குச் சுடுதண்ணீர் வைத்து முகம் கழுவிவிட்டேன். சட்டையை எடுக்கவில்லை. வெளியே த்ரீவீலின் ஹோன் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனேன்.

"அண்ணன் ரெடியாக்கா?"

"இல்ல தம்பி. அண்ணன் இனி வரமாட்டாரு. நீ வேற ஆளு ஹயருக்கு வந்தா ஏத்திக்க."

அவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். எங்கள் வாசலில் வண்டி திருப்ப இடம் காணாது. எப்போதும் செய்கிற மாதிரி நான் பின்னால் போய் நின்று, மிளகுக் கொடியில் இடிக்காமல், "வா தம்பி, இன்னும் வா, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டி வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.